ஷீலா பேரில் ஒரு பூசை

டாக்டர் மணிமொழி மேசைக்குப் பின்னால். நர்ஸ் ஜஹீதா திரைச்சீலை ஓரமாக. தலையில் ஸ்கார்ஃபை இறுக்கிக் கட்டிய ஷீலா, கதவை ஒட்டிய நாற்காலியில். அவள் புருஷன் துரைராஜ், பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும், கட்டிலின் விளிம்பில்.

அடையாற்றிலுள்ள இந்த ஆஸ்பத்திரிக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று ஒரு வருடமாக வந்துபோகிறார்கள். மார்பகப் புற்றுநோய். இன்று முடிவு சொல்லும் நாள்.

டாக்டர் ஸ்கேன் தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சுத்தமா இருக்கு. அந்த ஊசி இனிமே வேண்டாம்.”

துரைராஜ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஷீலாதான் கேட்டாள்.

“அந்த ஊசி இன்னாதான் பண்ணுச்சு டாக்டரம்மா, இத்தினி நாளு?”

“செல்லு மேல காது மாதிரி ஒண்ணு இருக்கும். ரிசெப்டர்னு சொல்லுவோம். ‘வளரு’ன்னு உத்தரவு வந்தா அது கேட்டு உள்ளே சொல்லும். இந்தக் கட்டியில அந்தக் காது எக்கச்சக்கம். யாரும் சொல்லாமலே வளரு வளருன்னு தானே கேட்டுக்கிச்சு. ஊசி போய் அந்தக் காதை அடைச்சுது.”

“ஏலத்துல யாரும் கேக்காமலே வெலைய ஏத்திக்கினு போவானே ஒருத்தன், அவன் மாதிரி,” என்றாள் ஷீலா. மீன் விற்கிறவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

டாக்டர் சிரித்துக்கொண்டே கட்டில் பக்கம் திரும்பினார்.

“சட்டையைப் போட்டுக்குங்க, துரைராஜ்.”

இடது மார்பின் நீளத் தழும்பு சட்டைக்குள் மறைந்தது.

ஷீலா ஸ்கார்ஃபை அவிழ்த்தாள். கதவு சாத்திய இந்த அறையில் மட்டும்தான் அவிழ்ப்பாள். கூந்தல் இடுப்பு வரை சரிந்தது.

அவர்கள் குடியிருக்கும் பட்டினப்பாக்கத்தைப் பொறுத்தவரை நோய் ஷீலாவுக்கு. துரைராஜின் மொட்டை, வேளாங்கண்ணி நேர்த்திக்கடன்.

ஆரம்பத்தில் அவன் வைத்தியமே வேண்டாமென்றான். ஆம்பளைக்கு மாரில் கட்டி. ‘இன்னா மச்சி, புள்ளைக்குப் பால் குடுக்கப் போறியா?’ என்று படகில் கேட்பார்கள். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டதுபோல் அவன் காதில்தான் விழுந்துகொண்டே இருந்தது. செத்தாலும் சரி என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

“எனக்குத்தான் கீதுன்னு சொல்லிக்கிறேன். நீ தொணைக்கு வராப்ல வாய்யா,” என்றாள் ஷீலா.

அன்றிலிருந்து தெருவுக்கு அவள் நோயாளி. வெயிலில் ஸ்கார்ஃபுக்குள் தலை வேக, மீன் விற்றாள். வாடிக்கைக்காரர்கள் பக்கத்துப் பச்சையம்மாவின் கடைக்கு நகர்ந்தார்கள். கைக்குழந்தையை யாரும் அவள் மடியில் விடவில்லை. ஞாயிறுதோறும் மாதா கோயிலில் பூசைக்கு முன்னால் உபதேசியார் மைக்கில் வாசித்தார்: ‘சகோதரி ஷீலா புற்றுநோயிலிருந்து குணமடைய.’ அவள் தலையைக் குனிந்துகொண்டு ஆமென் சொன்னாள்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் மாதா கோயிலில் இறங்கினார்கள். வாசலில் பூசைக் கருத்துப் பெட்டி. வேண்டுதலோ நன்றியோ, எழுதி உறையிலிட்டுப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் வரும். மைக் சத்தம் மீன்கடைகளைத் தாண்டிப் படகுகள் வரை கேட்கும்.

“நன்றிப் பூசைன்னு எழுது. என் பேரு போட மறந்துடாத,” என்று சொல்லிவிட்டு ஷீலா மெழுகுவத்தி ஏற்றப் போனாள். போகும்போதே ஸ்கார்ஃபின் முடிச்சைச் சரிபார்த்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர் எல்லாம் போட்டு, பங்குத்தந்தைக்குத் துரைராஜ் எழுதினான்.

‘எனக்கு வந்த மார்பகப் புற்றுநோய் குணமானதற்கு நன்றியாக. அதை ஒரு வருடம் தன் பேரில் சுமந்த என் மனைவி ஷீலாவுக்கு நன்றியாக.’

‘மார்பக’ என்ற சொல்லுக்குப் பேனா திரும்பி வந்தது. அதை மட்டும் அடித்துவிட்டால் என்ன?

அடிக்கவில்லை. தாளை மடித்தான்.

ஷீலா வந்து எட்டிப் பார்த்தாள். “இன்னாய்யா, என் பேரு போட்டியா?”

“போட்டேன்.”

உறையின் ஓரத்தை எச்சில் தொட்டு ஒட்டினான். பெட்டியின் வாய்க்குள் தள்ளி, அது அடியில் விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றான்.