மினெகாஜேயின் கை

"அண்ணன் குடுமியில நானும் ஒரு வெட்டு வெட்டணும். மேடையேறி."

எதைக் கேட்டாலும் இதை மட்டும் கேட்டுத் தொலைக்காதே என்று அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கயோகோ பயிற்சிக் கூடத்துக்குள் வந்ததும் அதைத்தான் கேட்டாள்.

ஓனொதேரா ஆசான் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு பட்டம் வென்ற அவருடைய சுமோ சாம்பியன், கயோகோவின் அண்ணன் மினெகாஜே, நாளை ஓய்வு பெறுகிறான். வழக்கப்படி அவனைக் களமேடையின் நடுவே உட்கார வைத்து, முந்நூறு பேர் வரிசையாக வந்து குடுமியில் ஆளுக்கொரு வெட்டு வெட்டுவார்கள். மந்திரி, பீர் கம்பெனி முதலாளி, பல் டாக்டர். எல்லாம் ஆண்கள்.

"பொம்பளை களத்துல ஏறக் கூடாதும்மா. தீட்டு."

"அவனுக்குச் சோறாக்கிப் போட்டு, கால் பிடிச்சு விட்டவ நான். பல் டாக்டர் என்ன பண்ணாரு?"

"பல்லு பிடுங்கினாரு. அண்ணன் அளவுக்கு உடம்பு இருந்தா மட்டும் ஆச்சா? உங்க வீட்டுல முதமுதல்ல காலேஜ் போனவ, அதான் வாய் நீளுது. நகத்துல சிவப்புச் சாயம் வேற!"

கயோகோ விரல்களை மடக்கிக்கொண்டாள்.

ஆசான் எழுந்து, பயிற்சிக் களத்துக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் காட்டினார். வெள்ளை அட்டையில் சிவப்பு மையில் மினெகாஜேயின் கைப்பதிவு. பக்கத்தில் அவன் கையெழுத்து. இப்படி ஒன்று கிடைக்காதா என்று ரசிகர்கள் தவம் கிடந்தார்கள்.

"அந்தச் சுண்டுவிரல் வளைவைப் பாரு! எதிராளி இடுப்புப் பட்டையைப் பிடிச்சுப் பிடிச்சு வளைஞ்சது. என் பசங்க தினம் இதைக் கும்பிட்டுட்டுத்தான் இறங்குறாங்க. இந்த இடத்துல ஒரு பொம்பளை கை பட்டா என்ன ஆகும் தெரியுமா?"

கயோகோ பையிலிருந்து மைப்பெட்டியையும், நாளைய விருந்தாளிகளுக்குத் தர வேண்டிய முந்நூறு வெற்று அட்டைகளையும் எடுத்து வைத்தாள். மையில் உள்ளங்கையை அழுத்தி, மேலே இருந்த அட்டையில் ஓங்கிப் பதித்தாள்.

ஆசான் அட்டையைப் பார்த்தார். சட்டத்தைப் பார்த்தார். அதே ரேகை. அதே கோணல் சுண்டுவிரல்.

"அண்ணனுக்கு உள்ளங்கையில மை பட்டாக் கூசும். மீதி இருநூத்துத் தொண்ணூத்தொன்பதையும் நீங்களே பதிச்சுக்குங்க."

"பொம்பளை... கை..." என்றார் ஆசான், சட்டத்தைப் பார்த்தபடி.

செருப்பை மாட்டிக்கொண்டு, வாசல் கதவை இழுத்துத் திறந்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"அது பட்டுப் பதினோரு வருஷமாச்சு, ஆசானே."