பத்து விரலும்

"புள்ளையைக் காப்பாத்தின கை சார் இது. பாத்து வைத்தியம் பண்ணுங்க" என்றாள் அம்சம். மேசைமேல் நீட்டியிருந்த கணவனின் கைகளை அவள் பார்க்கவில்லை.

டாக்டர் ரெமிஜியஸ் ஈரத்துணியை மெல்லப் பிரித்தார். பத்து விரல்களின் நுனியும் வெந்து, வெளிறி, தடித்துப் போயிருந்தன. உள்ளங்கையில் ஒரு கொப்புளம்கூட இல்லை.

"எப்படி ஆச்சு?"

"தோசைக்கல்லு சார்" என்றான் பஞ்சநதம். நன்னிலம் பக்கத்து விவசாயி. முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. "அடுப்புலேர்ந்து சரிஞ்சிச்சு. கீழ மக உக்காந்திருந்தா. ரெண்டு கையாலயும் ஓரத்தைப் புடிச்சுத் தூக்கிட்டேன்."

"சுட்டா கை தானா விட்டுருமேங்க? இது ரொம்ப ஆழமா வெந்திருக்கு. எப்படி அவ்வளவு நேரம் புடிச்சிருந்தீங்க?"

"புள்ளையாச்சே சார்."

அதற்குமேல் கேட்க ரெமிஜியஸுக்கு மனம் வரவில்லை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இப்படியொரு கைக்காகத்தான் இந்தப் படிப்பையே எடுத்தோம் என்று தோன்றியது.

அவர் பத்தாவது படிக்கும்போது, அவருடைய அம்மா அமலோற்பவத்தின் வலது கை கதிரடிக்கும் மிஷினில் சிக்கியது. மூன்று விரல்கள் போயின. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள்.

இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பார்களே என்று, அன்றிலிருந்து அவள் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. சொந்தத் தம்பி கல்யாணத்தில்கூட, சாப்பிட்டாகிவிட்டது என்று பொய் சொல்லிவிட்டுப் பட்டினியாக வீட்டுக்கு வந்தாள்.

டாக்டருக்குப் படித்து முடித்ததும் நண்பர்கள் இதயம், எலும்பு என்று ஓடினார்கள். ரெமிஜியஸ் பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் சிரித்தார்கள். "என்னடா, சினிமாக்காரங்களுக்கு மூக்கு சீவப் போறியா?" என்று ஒருவன் கேட்டான். அவர் காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. மேற்படிப்பு முடிய ஆறு மாதம் இருக்கும்போது அம்மா போய்விட்டாள்.

பஞ்சநதத்தின் தொடையிலிருந்து தோலை எடுத்து விரல்களுக்கு வைத்தார் ரெமிஜியஸ். முதலில் வலது கை. பிறகு இடது. வலது கட்டைவிரலில் தோல் ஒட்டாமல் கறுத்துப்போக, மூன்றாவது முறையும் கத்தியை எடுக்க வேண்டியிருந்தது.

கட்டு மாற்றும்போது மற்ற நோயாளிகள் அலறுவார்கள். பஞ்சநதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். வலியை மறக்கட்டும் என்று ரெமிஜியஸ் பேச்சுக் கொடுப்பார்.

"வெள்ளாமை எப்படிங்க?"

"எங்கங்க... மேட்டூர் தெறக்கல, குறுவை போச்சு. சம்பாவாவது வரும்னு நாத்து விட்டோம். அதுவும் நாத்தங்கால்லயே காஞ்சிருச்சு."

"வேற வருமானம்?"

"குவைத்துல நாலு வருஷம் இருந்தேன் சார். விசா முடிஞ்சும் தங்கிட்டேன்னு புடிச்சு அனுப்பிவிட்டுட்டாங்க. இனிமே அந்தப் பக்கம் காலு வைக்கக் கூடாதாம்."

"சரி விடுங்க. கை சரியாயிட்டா ஊர்லயே ஏதாவது பாத்துக்கலாம்."

பஞ்சநதம் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பக்கத்தில் நின்றிருந்த அம்சம், தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஐந்தாவது மாதம் கடைசிக் கட்டும் அவிழ்ந்தது. புதுத்தோல் வழவழவென்று, சற்றே வேறு நிறத்தில், விரலோடு ஒட்டிச் சேர்ந்திருந்தது. விரல்கள் பத்தும் மடங்கின, நிமிர்ந்தன.

"சட்டையை நீங்களே போட்டுக்கங்க" என்றார் ரெமிஜியஸ்.

முதல் பொத்தான் இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை துளைக்குள் போனது. மற்றவற்றை அவன் நிதானமாக, குனிந்து பார்க்காமலே போட்டான். ரெமிஜியஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டியிருந்தது. அதை இத்தனை நாள் தள்ளிப் போட்டிருந்தார்.

"பஞ்சநதம், ஒரு விஷயம். மனசைத் தேத்திக்கங்க. இது தொடைத் தோல். வேலையெல்லாம் செய்யலாம். ஆனா ரேகை வராது."

"எப்பவுமேவா சார்?"

"எப்பவுமே. பத்திரம் பதியற இடத்துல, கைநாட்டு கேக்கற இடத்துல எல்லாம் சிரமப்படுவீங்க. நான் லெட்டர் எழுதித் தர்றேன். எவ்வளவோ பாத்தேங்க, அதை மட்டும் என்னால திருப்பித் தர முடியல. மன்னிச்சிருங்க."

அம்சம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

பஞ்சநதம் விரல்களை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த ஐந்து மாதத்தில் அவன் சிரித்து ரெமிஜியஸ் பார்த்ததில்லை. இப்போது சிரித்தான்.

"அப்ப குவைத்து ஏர்போர்ட்டுல ரேகை பாக்கற மிஷினுக்கு இனிமே நான் யாருன்னு தெரியாதுல்ல சார்?"