நிறுத்தச் சொன்ன மாத்திரை

“டாக்டர் இருக்கீங்க, சிஸ்டர் இருக்காங்க, என் மகன், மகள், என் வீட்டுக்காரி எல்லாரும் இருக்கீங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன். அந்த மாத்திரையை நான் போடலை!”

கட்டிலில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் ஆடிட்டர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகியும் ஊருக்கு அவர் ஆடிட்டர்தான். நாடா அவிழ்ந்த ஆஸ்பத்திரி அங்கியிலும், எதிரே ஒரு கம்பெனியின் முதலாளிகள் கைகட்டி நிற்பதைப் போலத்தான் பார்த்தார்.

மயக்க மருந்து டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “சார், உங்க இதயத்துல ஸ்டென்ட் இருக்கு. அதனால ஆஸ்பிரினைத் தொடரச் சொன்னோம். கூடப் போடுற இன்னொரு மாத்திரையை மட்டும் ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தச் சொன்னோம். காலையில எடுத்த டெஸ்ட்டுல அதோட வேலை அப்படியே தெரியுது.”

“உங்க டெஸ்ட் தப்பு.”

“ரெண்டு தடவை எடுத்தாச்சு சார். குடலிறக்க ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி போட்டு மரத்துப்போக வைக்கணும். உங்க ரத்தம் இப்ப லேசுல உறையாது. முதுகுத்தண்டுகிட்ட கசிஞ்சா கால் விளங்காமப் போயிடும். அடுத்த வாரம் பார்க்கலாம்.”

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். “மறுபடியுமா? போன தடவை உங்களுக்கு விஷயம் தெரியாது, போட்டுட்டீங்க, தள்ளிப்போச்சு. நாங்களும் ஒரு வாரம் கூடத் தங்கிப் பார்த்துட்டு, தேதி கிடைக்காமத் திரும்பிப் போனோம். இந்தத் தடவை நான் தினமும் போன்ல சொன்னேனே அப்பா!”

“சொன்னே. நான் கேட்டேன். போடலை.”

“அவரு பொய் சொல்லலை அண்ணா,” என்றாள் மகள் தணிந்த குரலில். “போடலைன்னு அவரே நம்புறார். எனக்கு அதுதான் பயமா இருக்கு.”

“நான் இங்கதான் உட்கார்ந்திருக்கேன். என் முகத்தைப் பார்த்துப் பேசு! இத்தனை வருஷத்துல என் ஞாபகம் பிசகிச்சுன்னு எவனாவது சொல்லியிருக்கானா?”

“சொல்ல விட்டாத்தானே?” என்று முணுமுணுத்தான் மகன்.

“நம்ம குடும்பத்துல சொன்ன சொல்லுக்கு மறுசொல் கிடையாது. எங்கப்பாவுக்கும் கிடையாது, எனக்கும் கிடையாது.”

மகள் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். “புது அட்டை. நிறுத்தச் சொன்ன அன்னிக்கே இதைத் தனியா எடுத்துவைக்கச் சொல்லி அம்மாவுக்கு நான்தான் போன் பண்ணேன். இப்போ குறையுது. அம்மா, இதை உன் அலமாரியிலதானே பூட்டி வெச்சிருந்தே?”

அம்மா தன் மடியில் இருந்த பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்தாள். மறுபடி மூடினாள்.

“உன்னைத்தான் கேட்கிறேன் அம்மா. சாவி யார்கிட்ட இருந்துது?”

ஆடிட்டர் மனைவியின் விரல்களைப் பார்த்தார். பிறகு, மூலையில் சாய்த்து வைத்திருந்த பிள்ளைகளின் பயணப் பெட்டிகளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அவளை ஏன் குடையுறே? சாவி இருக்கிற இடம் எனக்குத் தெரியாதா? நான்தான் எடுத்துப் போட்டுட்டேன். இப்பதான் ஞாபகம் வருது.”

அவர் ஒரு தவறை ஒப்புக்கொண்டு அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லை. மகன் குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்துக் காலருகே வைத்தான்.

பிள்ளைகள் ஊருக்குத் திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள். பூட்டியே கிடக்கும் மாடி அறைகளில் இன்னும் ஒரு வாரத்துக்கு விளக்கு எரியும்.

வீட்டுக்கு வந்ததும் மகன் அவருடைய கார் சாவியை வாங்கிக்கொண்டான். மகள் மாத்திரைகளைத் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். “அப்பா! இது சாயங்கால மாத்திரை!” என்று செவிடரிடம் பேசுவதுபோல் உரக்கச் சொன்னாள். விழுங்கியதும், “எங்கே, வாயைத் திறங்க” என்றாள். அவர் திறந்து காட்டினார்.

“ஆமா அத்தை, மறதிதான். இப்பதான் ஆரம்பம்,” என்று மகன் மாடிப்படியில் நின்று போனில் சொல்வது கேட்டது. ஆடிட்டர் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். பக்கம் புரளவில்லை.

சமையலறையில் மனைவி மகளிடம் ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் புதிதாக இருந்தது. பிள்ளைகள் இல்லாத நாட்களில் அந்த வீட்டில் அவள்தான் பேசுவாள். செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவர் ‘ம்’ என்பார். அவ்வளவுதான்.

சாப்பாடு முடிந்ததும் அவள் பால் கொண்டுவந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுத் தம்ளரைக் கொடுத்தார்.

“இன்னிக்கு நல்லா இருக்கு. போன வாரம் பூரா கசந்துது.”

தம்ளரை வாங்கியவள் அங்கேயே நின்றாள். “ஏங்க…”

“மெதுவா. மாடியில பசங்க முழிச்சிருக்காங்க.” அவர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார். “உட்காரு.”

ஆடிட்டருக்கு மறதி வந்துவிட்டது என்று இன்றைக்கும் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். ஆஸ்பத்திரியில் எல்லார் முன்னாடியும் அவர் முதலில் சொன்னதுதான் உண்மை.