செவலை பால் கொடுத்தது

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் பொய் என்றாலும் என் மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துவிடுகிறேன்.

பண்ணைக்காரருக்கு மறுநாள் காலை இதய ஆபரேஷன். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். வீட்டிலிருக்கும் செவலைப் பசு அவர் கைக்குத்தான் பால் சுரக்கும். ஒருமுறை பால்காரர் மடியைத் தொட்டார். அது விட்ட உதையில் வைக்கோல்போரைத் தாண்டிப் போய் விழுந்தவர், பஸ் பிடித்துத்தான் திரும்பி வந்தார்.

செல்போன் அடித்தது. மனைவி.

"எங்கேயும் கிளம்பிடாதீங்க. செவலையைக் கறந்தாச்சு."

"யாரு கறந்தது?"

"நான்தான். உங்க அழுக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போனேன். நீங்கன்னு நெனச்சு என் தோளை நக்கிக் கொடுத்துச்சு."

"மிச்சம் வெச்சிருப்பே. மடி வீங்கிடும். நான் வந்துடறேன்."

"வந்து? ஊர்ல எவன் மாடு கன்னு போட்டாலும் சோத்தைப் பாதியில விட்டுட்டு ஓடினீங்களே, இப்ப அவங்கதான் நம்ம வயலுக்குத் தண்ணி பாய்ச்சுறாங்க. நீங்க வந்தா அவங்களுக்குத்தான் இடைஞ்சல்."

"அங்க என்ன கடகடன்னு சத்தம்?"

"பால் கேனை உருட்டுறாங்க. படுங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"அப்ப அது என்னைத் தேடவே இல்லையா?"

"அது தேடலைன்னா என்ன? நான் தேடுறேன். ஒழுங்கா ஆபரேஷனை முடிச்சுக்கிட்டு வாங்க."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தார்.

அவள் பேசியது அதே ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், எலும்பு வார்டில், மாவுக்கட்டுப் போட்ட காலைத் தூக்கிக் கட்டியிருந்த கட்டிலிலிருந்து.