நான்காவது பெருக்கி

மாதக்கணக்கில் காத்திருந்து கைக்கு வந்த மின்னணுச் சில்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்திருந்தாள் வெண்ணிலா. கடுகளவு சில்லுக்குள் அலைக்கு வலுவூட்டும் நான்கு பெருக்கிகள். ஒவ்வொன்றும் தன்னால் முடிந்த சொற்ப ஆற்றலைக் கொடுக்க, நான்கும் ஓரிடத்தில் கூடி ஒரே வலுவான அலையாக வெளியேறி வெகுதூரம் போக வேண்டும். தனித்தனியாக எல்லாமே நன்றாகத்தான் இயங்கின. கூட்டியபோது பாதிகூடத் தேறவில்லை.

மத்தியானத்துக்குள் காரணம் தெரிந்துவிட்டது. நான்காவதன் இரு முனைகளும் இடம் மாறியிருந்தன. மற்ற மூன்றும் தள்ளும்போது அது இழுத்தது. சில்லின் அந்த மூலையை வரைந்த ஜெரால்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அங்கும் இங்குமாக அலைந்த வாரத்தில் வரைந்தது. அதைச் சரிபார்த்தவள் வெண்ணிலா. அந்த வாரம் அவளும் தூங்கி வழிந்துகொண்டுதான் இருந்தாள்.

"அந்த ஒண்ண மட்டும் ஆஃப் பண்ணிப் பாருங்க," என்றார் போனில் மேலாளர்.

ஜெரால்டே கை நீட்டி அதை அணைத்தான். திரையில் ஆற்றலைக் காட்டும் கோடு சட்டென்று மேலே ஏறியது.

"பாத்தீங்களா! மூணே போதும், கஸ்டமர்கிட்ட இதையே காட்டிடலாம். ஆமா, நாலாவத வரைஞ்சது யாரு?"

அவளுக்கு வாய் திறக்கவே அலுப்பாக இருந்தது. "சேந்துதான் சார் வரைஞ்சோம்," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஜெரால்டு எழுந்து நின்றான். "நான் வேற எங்கயாவது வேலை பாத்துக்கறேன்க்கா."

வெண்ணிலா கண்களை மூடி நாற்காலியில் சாய்ந்தாள். "மூணோட அலை அவ்வளவு தூரம் போகாதுடா. உக்காரு."

அவன் உட்கார்ந்தானா என்று பார்க்க அவள் கண்ணைத் திறக்கவில்லை.