துக்க மணிக்குத் தடை

"ஞானசௌந்தரி ஆன்ட்டி இன்னிக்கு மட்டும் சாகக் கூடாது" என்றான் ஃபிரெடி.

கேட்பவர்கள் பாசம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாசமும் இல்லை, பரிதாபமும் இல்லை. அவன் கவலையெல்லாம் மணியைப் பற்றித்தான்.

தாம்பரத்தில் நூற்றைம்பது வருஷத்துப் பழைய சர்ச் அது. சபையில் யார் இறந்தாலும், செய்தி வந்த அந்த நிமிஷமே வயதுக்கு ஒன்றாகத் துக்க மணி அடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஞானசௌந்தரிக்கு எண்பத்தொரு வயது. ஒரு வாரமாக இன்றோ நாளையோ என்று படுக்கையில் கிடந்தார்.

"கச்சேரி நடுவுல எண்பத்தோரு தடவை அடிச்சீங்கன்னா என் எட்டு மாச உழைப்பு நாசம். புரியுதா எலியேசர் அண்ணா?"

மணியடிக்கும் எலியேசர் தலையைச் சொறிந்தார். "எங்க அப்பாரு காலத்துலேர்ந்து அடிச்சிகினு கீறோம் சார். நிறுத்தினதே இல்ல."

"இன்னிக்கு ஒரு நாள் நிறுத்துங்க. குடி முழுகிடாது."

அது மேடை போட்டு நடத்தும் கச்சேரி இல்லை. பெஞ்சுகளை ஓரங்கட்டிப் பாய் விரித்திருந்தான். கும்மிருட்டில் ஜனங்கள் படுத்துக்கொண்டே கேட்க வேண்டும். நாலு மூலையிலிருந்தும் வயலினும் செல்லோவும் பாட்டும் அவர்களைச் சுற்றிச் சுற்றி வரும். டெல்லியிலிருந்து இசை விழாக் குழுத் தலைவரே வந்திருந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் பத்து ஊர்களில் நடத்தலாம்.

ஆரம்பிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது அஸ்தினாபுரம் வீட்டிலிருந்து மனைவி ஜோசலின் கூப்பிட்டாள்.

"என்னங்க, பிளஸ்ஸிக்கு வீசிங் வந்துடுச்சு. இன்ஹேலர் உங்க கார்லயே இருக்கு."

"பழசு ஒண்ணு ஷெல்ஃப்ல கிடக்கும், பாரு. பதினாலு வயசாச்சு, இன்னும் குழந்தையா அவ? வெந்நீர் குடுத்துப் படுக்க வை."

"இல்லீங்க, ரொம்பத் திணர்றா. ஒரு நடை வந்துட்டுப் போங்களேன்."

"ஜோஸ், இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாளே கிடையாது. போனை ஆஃப் பண்றேன். ரொம்ப அவசரம்னா எலியேசர் அண்ணா நம்பருக்குப் பண்ணு."

கதவுகளை உள்ளே தாழிட்டார்கள். விளக்குகள் அணைந்தன. இருட்டில் முதல் வயலின் எழும்பியதும் ஃபிரெடிக்கு வீடு மறந்துபோயிற்று.

இருபது நிமிஷம் போயிருக்கும். பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். மறுபடி, இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஃபிரெடி அடிமேல் அடிவைத்துப் போய், அங்கே காவலுக்கு நிறுத்தியிருந்த பெண்ணின் காதில் சொன்னான்.

"சர்ச்சே இடிஞ்சு விழுந்தாலும் திறக்காதே."

தட்டுவது நின்றது. கச்சேரி கடைசிக் கட்டத்துக்கு வந்தது. எல்லா வாத்தியங்களும் ஓய்ந்து, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும் அந்த மௌனத்தில்தான், மேலே கோபுரத்தில் மணி அடித்தது.

கிழவி போய்ச் சேர்ந்துவிட்டாள்! இன்னும் எண்பது பாக்கி. ஃபிரெடி பல்லைக் கடித்துக்கொண்டு, எலியேசரை மனசுக்குள் கண்டபடி திட்டினான். மணி நிதானமாக, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே இருந்தது.

ஆனால் இருபதைக்கூடத் தொடவில்லை. சட்டென்று நின்றுவிட்டது.

விளக்கு வந்தபோது பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். டெல்லிக்காரர் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"அந்த மணி! உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு சார். யாரோட ஐடியா?"

"என்னோடதுதான்" என்றான் ஃபிரெடி, கூசாமல்.

பத்து ஊர் என்பது பன்னிரண்டு ஊர் ஆயிற்று. வந்தவர்கள் எல்லாருக்கும் கை கொடுத்து முடித்து, எலியேசரை மன்னித்துவிடலாம் என்ற பெருந்தன்மையோடு கோபுரத்தடிக்குப் போனான். அவர் கயிற்றைப் பிடித்தபடி படியில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கன்னமெல்லாம் ஈரம்.

"அழாதீங்க அண்ணா. ஆன்ட்டி வாழ்ந்து முடிச்சவங்க. கல்யாணச் சாவுதான்."

"அந்தம்மா நல்லாத்தான் கீறாங்க சார். சாயந்தரம் கஞ்சி கூட குடிச்சாங்களாம்."

ஃபிரெடி சிரித்தான். "அப்போ எதுக்கு அடிச்சீங்க? அடிச்சதும் அடிச்சீங்க, ஏன் பாதியில நிறுத்தினீங்க?"

எலியேசர் கயிற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"பாதியில நிறுத்தல சார். பாப்பாவுக்குப் பதினாலுதானே."