சீந்தில் கஷாயம்

கொல்லையில் வாழை மரத்தடியில் தஹ்மீனா கஷாயத்தைக் கவிழ்த்ததைக் கமருன்னிஸா கண்ணால் பார்த்துவிட்டாள். மாமியாருக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

“வெயிலுன்னு பாக்காம வாய்க்கால் கரை வேம்புல கெடந்த சீந்தில் கொடியை அறுத்து, இடிச்சு, காய்ச்சி வச்சா, மண்ணுல ஊத்துறியா?”

“குமட்டிச்சு மாமி...”

“குமட்டும், குமட்டும். என் கை பட்டாலே ஒனக்குக் குமட்டும்!”

மகன் நௌஷாத் தோஹாவில் இருந்தான். கல்யாணமான வருஷமே மருமகளுக்கு ஈரலில் நோய். தஞ்சாவூர் டாக்டர் கொடுத்தது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மாத்திரை என்று தெரிந்ததும் கமருன்னிஸாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளிக்கு இருக்கிற சக்தியையும் பிடுங்குவார்களா? கொரோனாவில் குடவாசலில் தெருவே படுத்தபோது இந்த வீட்டில் ஒருத்தர் இருமவில்லை. எல்லாம் சீந்தில் செய்த வேலை என்பது அவள் கட்சி.

கஷாயம் கவிழ்த்த அன்று மத்தியானமே தஹ்மீனா சுருண்டு விழுந்தாள். கண் மஞ்சளாக இருந்தது. கார் பிடித்துத் தஞ்சாவூர் கொண்டுபோனாள் கமருன்னிஸா. வலங்கைமான் தாண்டியும் திட்டு ஓயவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் இசைவாணிக்கு முகம் மாறிவிட்டது.

“மாத்திரை தவிர வேற என்ன குடிச்சீங்க?”

“எங்க குடிச்சா? சீந்தில் கஷாயம் காய்ச்சிக் குடுத்தா கொட்டுறா. நீங்களே நாலு வார்த்தை கேளுங்க டாக்டர்!”

“சீந்திலா?” டாக்டர் நிமிர்ந்தார். “உடம்புக்குள்ள கிருமியோட சண்டை போடுற செல்லுங்க இருக்கும்மா. அதுங்க நம்ம உறுப்பு மேலயே பாயாம, ‘போதும், நிறுத்து’ன்னு புடிச்சு நிறுத்தவும் தனியா செல்லுங்க இருக்கு. இவங்களுக்கு அந்தப் புடிச்சு நிறுத்துற செல்லுங்க சரியா வேலை செய்யல. அதான், சண்டை போடுறது சொந்த ஈரலையே அடிக்குது. அதை அடக்கத்தான் மாத்திரை. சீந்தில் இன்னும் தூண்டி விட்டுடும்.”

“அப்ப கொட்டுனது நல்லதாப் போச்சு” என்று இழுத்தாள் கமருன்னிஸா.

“கொட்டியிருந்தா காமாலை இவ்வளவு ஏறியிருக்காதே.” டாக்டர் தஹ்மீனா பக்கம் திரும்பினார். “நாட்டு மருந்து எதுவும் கூடாதுன்னு சொல்லியிருந்தேனேம்மா?”

“மாமிகிட்ட சொன்னேன் டாக்டர். குடிக்கலன்னா அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவேன்னாங்க. தெனமும் குடிச்சேன். இன்னிக்கு வாந்தி வந்துருச்சு, அதான் கொட்டிட்டேன்.”

“ஒடனே அட்மிட் பண்ணணும். ஈரல் தாங்குமான்னு இப்ப சொல்ல முடியாது.”

கமருன்னிஸாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மகனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கட்டிலில் படுக்கவைத்ததும், ஆஸ்பத்திரியில் சேர்த்த சேதி கேட்டு நௌஷாத் போன் செய்தான். காதில் வைத்துப் பிடிக்கத் தெம்பில்லாமல் தஹ்மீனா ஸ்பீக்கரில் போட்டாள். மாமியாரின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

“பயப்படாதீங்க மச்சான். யூடியூப் பாத்து நானாத்தான் எதையோ காய்ச்சிக் குடிச்சுட்டேன். மாமி மேல தப்பில்ல.”

“அம்மா, நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?” அவன் அழுதுவிட்டான்.

கமருன்னிஸா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் எவ்வளவோ சொன்னேன்பா. இவ எங்க கேட்டா?”